நிற்கிற பக்கத்துக்கே ஒரு லிங்க்

இரண்டாயிரத்து ஆறு, ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணி. மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த வெப்சைட் கம்பெனியில் டெலிபோன் அடித்தது. எடுத்தவள் எப்சி. மறுமுனையில் ஒரு ஹலோ கூட இல்லை.

"அப்பாதுரை டிரஸ்ட் வெப்சைட் செஞ்சது நீங்கதானே?"

"ஆமா சார், சொல்லுங்க."

"செஞ்ச ஆளு யாரு? அவருகிட்ட குடுங்க."

"நான்தான் சார் செஞ்சேன்."

"நீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. அதுல அப்ளைன்னு ஒரு லிங்க் வெச்சிருக்கீங்களே, அதை அமுக்கினா எங்க போகணும்?"

"அப்ளிகேஷன் ஃபாரத்துக்குப் போகும் சார்."

"போகல. மூணு நாளா அமுக்கினேன். போகல. சனிக்கிழமையோட பயிற்சிக்கு அப்ளை பண்ற தேதி முடிஞ்சிடுச்சு. நேத்து நேர்ல போய்க் கேட்டா, ஆன்லைன்லதான் வாங்குவோம், தேதி முடிஞ்சதுன்னு கதவைச் சாத்திட்டாங்க."

எப்சி பேசிக்கொண்டே அந்தத் தளத்தைத் திறந்து அப்ளையை அழுத்தினாள். பக்கம் வந்தது. ஃபாரமும் இருந்தது.

"நல்லாத்தானே வருது சார். கீழே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க."

"எனக்குக் கண்ணு தெரியாது."

எப்சி ஒரு விநாடி தடுமாறினாள். காலையிலிருந்து அது நான்காவது புகார் போன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "அப்ப பக்கத்துல யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்க சார்."

 மறுமுனை, "உங்க ஆபீஸ் எங்க இருக்குது? நாளைக்கு நேர்ல வரேன்" என்றது. விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வைத்துவிட்டது.

எப்சி கீழ்க்கட்டளைக்காரி. அப்பா அவள் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஞானஜோதி பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எப்சியும் கணக்குதான் படித்தாள், பி.எஸ்ஸி. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் அவள் வாயால் கெட்டது என்று சர்ச் சபையில் சொல்வார்கள். ஒருமுறை மாப்பிள்ளையின் அக்கா, "வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்" என்று சொல்லி முடிப்பதற்குள், "அனுப்பறதுக்கு நான் என்ன பார்சலா?" என்று கேட்டுவிட்டாள். முப்பது வயதில் தினமும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பல்லாவரம் வந்து, அங்கிருந்து ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, மகேஷின் கம்பெனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

மகேஷ் முன்பு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். நன்றாகப் பேசுவார், டை கட்டிக்கொண்டு போய் வேலை பிடித்துக்கொண்டு வருவார். பள்ளி, மண்டபம், டிரஸ்ட், சபை என்று தாம்பரத்தைச் சுற்றிலும் முப்பது முப்பத்தைந்து தளங்கள் அவர் கையில் இருந்தன. அத்தனையையும் தூக்கி நிறுத்தியிருந்தது எப்சி எழுதிய ஒரே ஒரு நிரல்.

அந்த நிரல் செய்த வேலை இதுதான். மற்ற கம்பெனிகளில் வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கையால் கட்டுவார்கள். ஒரு போன் நம்பர் மாறினால் எல்லாக் கோப்பையும் திறந்து திருத்த வேண்டும். எப்சி ஒரே ஒரு அச்சு செய்துவைத்தாள். தலைப்பு, இடது பக்க மெனு, அடியில் விலாசம் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் உரியதைச் சாதாரண உரைக்கோப்பாக எழுதிவைத்தால் போதும். ஒரு கட்டளை கொடுத்ததும் நிரல் அந்த உரையையெல்லாம் அச்சில் ஊற்றி, முழுத் தளத்தையும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிடும். அப்படியே சர்வரில் ஏற்றிவிடலாம். புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே பெர்ல் என்ற நிரல்மொழியைக் கற்று, எட்டு மாதத்தில் அவள் எழுதியது. மகேஷ் அதற்கு 'எம்-பில்டர்' என்று பெயர் வைத்தார். எம் என்றால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களிடம் மட்டும் "நம்ம சொந்த சாப்ட்வேர் சார், ஐ டெவலப்ட் இட்" என்பார். எப்சி பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த அச்சில் ஒரு கோளாறு இருந்தது. தான் இப்போது எந்தப் பக்கத்தை வார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது. எல்லாப் பக்கத்திலும் அதே மெனு, அதே லிங்க்குகள். அதனால் அப்ளை பக்கத்துக்குள் வந்து சேர்ந்த பிறகும் மெனுவில் 'அப்ளை' என்ற லிங்க் அப்படியே உயிரோடு இருக்கும். அழுத்தினால் அதே பக்கம் மறுபடி வரும். இது எப்சிக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்னால் மகேஷிடம் சொல்லவும் செய்தாள். "இரண்டு நாள் குடுங்க சார், சரி பண்ணிடறேன்."

"தான் நிக்கிற பக்கத்தையே எவன் அமுக்குவான் எப்சி? வேற வேலை இல்லையா உனக்கு?"

வேறு வேலை நிறைய இருந்தது. அவளும் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கே மாடிப்படியில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையை இன் பண்ணியிருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பெயர் சாம்பசிவன். பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம் வந்து பஸ் மாறி, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து விசாரித்து வந்திருந்தார். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர்.

மகேஷ் எழுந்து வந்தார். "வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். ஒரு மெஷின் குடுங்க."

பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். "டெமோதான். நாப்பது நிமிஷம் ஓடும். அப்புறம் மெஷினை அணைச்சுப் போட்டாத்தான் மறுபடி பேசும். பள்ளிக்கரணையில துரைன்னு ஒருத்தர் பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கார். அவர் ஒரு மெஷின்ல இதைப் போட்டுக்க விட்டார். அதுலதான் மூணு நாளும் உக்காந்தேன்."

எப்சி அதைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஸ்பீக்கரை இழுத்து வைத்தாள்.

"இப்ப மானிட்டரை அணைங்க மேடம்."

"எதுக்கு சார்?"

"அணைங்க. நேத்து பக்கத்துல யாரையாவது பார்க்கச் சொல்லுன்னீங்கல்ல? இங்க பக்கத்துல யாரும் இல்லன்னு வெச்சுக்கங்க. நீங்க கட்டின சைட்டு. நீங்களே போய் அந்த ஃபாரத்தை எடுத்துக் காமிங்க."

எப்சிக்குச் சுருக்கென்றது. பிடிவாதத்தோடு மானிட்டரை அணைத்தாள். எனக்குத் தெரியாத பக்கமா என்ற நினைப்பு.

தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல் கிளம்பியது. டிரஸ்டின் பெயரைச் சொன்னது. இருபத்தேழு லிங்க் என்றது. பிறகு, லிங்க் ஹோம், லிங்க் அபவுட் அஸ், லிங்க் ஃபவுண்டர் என்று அடுக்கிக்கொண்டே போனது. பன்னிரண்டாவதாக அப்ளை வந்ததும் எப்சி என்டரை அழுத்தினாள். குரல் நின்றது. மறுபடி தொடங்கியது. டிரஸ்டின் பெயர். இருபத்தேழு லிங்க். லிங்க் ஹோம். லிங்க் அபவுட் அஸ்.

அச்சில் தலைப்பும் ஒன்றே. எந்தப் பக்கம் போனாலும் அதே டிரஸ்ட் பெயர்தான் முதலில் கேட்கும். வந்து சேர்ந்துவிட்டோமா, கிளம்பவே இல்லையா என்று சொல்ல அந்தக் குரலில் ஒன்றும் இல்லை. மெனு முடிந்ததும் ஃபாரம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மெனு முடிந்து, நிறுவனர் அப்பாதுரையின் வாழ்த்துரை தொடங்கியது. எல்லாப் பக்கத்துக்கும் தலையில் அதைப் போடச் சொல்லி டிரஸ்ட் கேட்டிருந்தது, அவளும் போட்டிருந்தாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. பக்கம் மாறவில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேலே போய் மறுபடி அப்ளையைத் தேடி அழுத்தினாள். டிரஸ்டின் பெயர். இருபத்தேழு லிங்க்.

மூன்றாம் தடவையும் அவள் விரல் அதே என்டருக்குப் போனது.

"இன்னா மேடம், போய்ச் சேந்தீங்களா?" அதுவரை ஆபீஸ் போனில் பேசுவது போல அளந்து பேசிய சாம்பசிவனின் குரல் மாறியது. "அங்கியேதான் நின்னுகினு கீறீங்க. நின்னுகினே அங்க போறதுக்கு வழி கேட்டுகினு கீறீங்க. வந்து சேந்துட்டேடான்னு ஒரு வார்த்தை சொல்லுதா இது? மூணு நாளு! நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தபா அணைச்சுப் போட்டு, அணைச்சுப் போட்டு! நானும் என் காதுதான் கோளாறுன்னு நெனச்சேன். துரைகூட நெட்டுதான் ஸ்லோன்னு சொன்னாரு. வூட்டுல என் சம்சாரம், உனக்கு இதெல்லாம் வராது வுடுன்னுச்சு. நேத்து ஒரு தெரிஞ்ச பையன் வந்து பாத்துட்டுச் சொல்றான், நீ அந்தப் பக்கத்துலதாண்ணா இருந்தே, ஃபாரம் கீழ இருக்குதுன்னு."

எப்சி மானிட்டரைப் போட்டாள். முகம் எரிந்தது. 

அவர் சேர நினைத்தது என்ன பயிற்சி என்பது அவளுக்குத் தெரியும், அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். ஆறு மாதம், முப்பது இடம். சாம்பசிவனின் கம்பெனியில் செப்டம்பரிலிருந்து போன் எடுக்க ஆள் வேண்டாம், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லும் மெஷின் வரப்போகிறது. பன்னிரண்டு வருஷ வேலை அதோடு போய்விடும். "காதால கேட்டு டைப் அடிக்கிற வேலை, மேடம். எனக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வேலை" என்றார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

மகேஷ் குறுக்கே வந்தார். "சார், உங்க கஷ்டம் புரியுது. ஆனா சைட்ல டெக்னிக்கலா தப்பு ஒண்ணும் இல்ல. தேதி முடிஞ்சது டிரஸ்ட் சமாச்சாரம். நாங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

சாம்பசிவன் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. சி.டி.யை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கோலை எடுத்தார். எப்சி எழுந்து படி வரை போனாள். "வேணாம், எனக்குப் படி தெரியும்" என்றுவிட்டு இறங்கிப் போனார்.

"எமோஷனலா எடுத்துக்காதே. லட்சம் சைட் இப்படித்தான் இருக்கு" என்றார் மகேஷ்.

"லட்சம் சைட்டை நான் செய்யல சார். இதை நான் செஞ்சேன்."

அன்று மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அவள் நிரலைத் திறந்தாள். அச்சில் மெனு எழுதும் இடத்தில் ஒரு நிபந்தனை போட்டாள். இப்போது வார்க்கிற பக்கத்தின் கோப்புப் பெயரும் லிங்க்கின் கோப்புப் பெயரும் ஒன்றாக இருந்தால் லிங்க் வேண்டாம், வெறும் எழுத்து, தடித்த எழுத்து, 'நீங்கள் இருப்பது இங்கே' என்று முன்னால் ஒரு வரி. தலைப்பிலும் அந்தந்தப் பக்கத்தின் பெயர். வாழ்த்துரையை முதல் பக்கத்தோடு நிறுத்தினாள். ஐந்து மணிக்கு முழுத் தளத்தையும் புதிதாக வார்த்து ஏற்றிவிட்டுத்தான் ரயிலேறினாள்.

கோபத்தில் செய்த வேலை. மறுநாள் காலை டிரஸ்டின் செயலாளர் எலியேசர் போன் செய்தார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், ஒவ்வொரு கோப்பையும் தானே பார்க்கிற மனிதர். அவர் இரண்டு புகார் சொன்னார். ஒன்று, ஃபவுண்டர், கோர்சஸ், கேலரி என்று எந்தப் பகுதியின் முதல் பக்கத்துக்குப் போனாலும் மெனுவில் ஹோம் வேலை செய்யவில்லை, திரும்பவே முடியவில்லை. இரண்டு, அப்ளை பக்கத்தில் இருந்துகொண்டு அப்ளையை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, லிங்க் செத்துவிட்டது.

முதல் புகார் அவளுடைய தப்பேதான். தளத்தில் ஒன்பது பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ்தான். ஹோம் பக்கத்தின் பெயரும் இண்டெக்ஸ்தான். அவள் பெயரை மட்டும் ஒப்பிட்டிருந்ததால், ஒன்பது இடத்திலும் நிரல் தான் ஹோமிலேயே நிற்பதாக நினைத்து அந்த லிங்க்கை வெட்டிவிட்டது. எப்சி தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். முதல் ஃபோல்டரிலிருந்து முழுப் பாதையையும் ஒப்பிடும்படி ஒரு மணி நேரத்தில் மாற்றினாள். ஹோம் திரும்பி வந்தது.

"சரி, ரெண்டாவதையும் பழையபடி வெச்சிடு" என்றார் மகேஷ்.

"அது தப்பில்ல சார். அதைத்தான் சரி பண்ணியிருக்கேன்."

"க்ளையண்ட் செத்துப்போச்சுங்கறார். க்ளையண்ட் சொன்னா முடிஞ்சது. பழைய அச்சைப் போடு."

"மாட்டேன்."

மகேஷ் அதை எதிர்பார்க்கவில்லை. "நான் போட்டுக்கறேன், நகரு" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புத் திரையில் எதையோ அடித்தார். பிழை என்று வந்தது. இன்னொன்று அடித்தார். அதுவும் பிழை. 'எம்-பில்டர்' என்று முழுப் பெயரையும் அடித்துப் பார்த்தார். எப்சி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு அவர் எழுந்து, "சாயங்காலத்துக்குள்ள மாறியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

எப்சி அச்சை மாற்றவில்லை. சர்வரிலிருந்து ஜூன் மாதப் பதிவேட்டை இறக்கினாள். யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சர்வர் வரி வரியாக எழுதிவைத்திருக்கும். எங்கிருந்து என்ற இடத்திலும் எங்கே என்ற இடத்திலும் அப்ளை பக்கமே இருக்கிற வரிகளை மட்டும் பொறுக்கச் சொன்னாள். பத்து பதினைந்து வரும் என்று நினைத்திருந்தாள். அறுநூற்றுச் சொச்சம் வந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாம்பசிவன் மட்டும் இல்லை. யார் யாரோ வந்து, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டு, ஃபாரத்தை அனுப்பாமலே போயிருந்தார்கள். கண் தெரிந்தவர்களாகவே இருக்கலாம். மெதுவான லைனில் வாழ்த்துரையோடு நின்றுபோனவர்களாக இருக்கலாம். அவர்கள் யாரும் போன் செய்து திட்டவில்லை, பேசாமல் போய்விட்டார்கள்.

எட்டாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை ஒரு கொத்து தனியாகத் தெரிந்தது. நாற்பத்து மூன்று வரி. நாற்பது நிமிஷத்துக்குள் எட்டு ஒன்பது தடவை, பிறகு கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாற்பது நிமிஷம். கடைசி வரி பத்தாம் தேதி மாலை நான்கு ஐம்பத்தொன்று. ஐந்து மணியோடு ஃபாரம் வாங்குவது நின்றுவிட்டது.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பள்ளிக்கரணைக்குப் பஸ் ஏறினாள். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருவில் துரையின் பிரவுசிங் சென்டர், ஆறு தடுப்பு, ஆறு மெஷின். துரை முதலில் தயங்கினார். "போலீஸ் கேஸா மேடம்?"

"இல்லண்ணா. என் தப்புக்குச் சாட்சி தேடிக்கிட்டு வந்திருக்கேன்."

யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று கையெழுத்து வாங்கும் நோட்டை அவர் எடுத்துக் கொடுத்தார். மூன்று நாளும் சாம்பசிவன் பெயர் இருந்தது, கட்டை விரல் வைத்தால் போதும் என்று சொன்னதைக் கேட்காமல் கோணலாகப் போட்ட கையெழுத்தோடு. நேரம் சர்வர் பதிவேட்டோடு நிமிஷக் கணக்காகப் பொருந்தியது.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஆபீசுக்குப் போகவில்லை. நேராகச் சேலையூரில் இருந்த டிரஸ்ட் ஆபீசுக்குப் போனாள். எலியேசர் மேசைமேல் சர்வர் பதிவேட்டையும் துரையின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"புரியுதும்மா. பாவம்தான். ஆனா தேதின்னா தேதி. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாரும் வருவாங்க."

"அவர் தேதிக்கு அப்புறம் வரல சார். தேதிக்குள்ள வந்துட்டார். நாலு அம்பத்தொண்ணுக்கு உங்க ஃபாரம் இருக்கிற பக்கத்துலதான் இருந்தார். நீ இங்கதான் இருக்கேன்னு நான் அவர்கிட்ட சொல்லல. சொல்லாம, இங்க வர இதை அமுக்குன்னு மறுபடியும் ஒரு லிங்க்கைக் குடுத்தேன். நாப்பத்து மூணு தடவை குடுத்தேன்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? டிரஸ்டிகளுக்கு என்ன காரணம் சொல்றது?"

எப்சிக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "காரணமா? தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. ஒரு வருஷமா எனக்குத் தெரியும், தெரிஞ்சும் விட்டுட்டேன்னு சொல்லுங்க. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். நான் பண்ணின தப்புக்கு அவரை எதுக்கு சார் வெளியே நிறுத்தறீங்க?"

பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.  எலியேசர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"எழுதும்மா."

எழுதினாள். எந்தப் பக்கம், என்ன கோளாறு, எத்தனை பேர், எப்போதிலிருந்து தனக்குத் தெரியும் என்று ஒரு பக்கம் முழுக்க. கீழே பெயரைப் போட்டாள். மகேஷ் பெயரை எங்கேயும் இழுக்கவில்லை.

திங்கட்கிழமை டிரஸ்ட் கூடியது. அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று முறைப்படி கம்பெனிக்கும் வந்தது. மகேஷ் அதைக் கையில் வைத்துக்கொண்டு கத்தியது கீழே பாத்திரக்கடை வரை கேட்டது.

"எழுத்துல குடுத்திருக்கே! தப்பு நம்மளுதுன்னு எழுத்துல! கம்பெனி பேரை நாறடிச்சிட்டே. யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"உங்களைக் கேட்டிருந்தா குடுக்க விட்டிருக்க மாட்டீங்க."

"எவனோ ஒருத்தன் வந்து நாலு வார்த்தை கத்தினான்னு..."

"எவனோ இல்ல சார். சாம்பசிவன். அவர் பேரு சாம்பசிவன்."

"நாளையிலேர்ந்து வராதே."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்." தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். "எம்-பில்டர், எம்-பில்டர்னு நாலு வருஷம் சொன்னீங்களே. அந்த எம்முக்கு ஒரு வரி எழுதத் தெரியுமா சார் உங்களுக்கு?"

இறங்கி வந்து ரயிலேற நடந்தாள்.

சாம்பசிவனுக்கு டிரஸ்ட் இடம் கொடுத்தது, முப்பத்தோராவது ஆளாக. சேதி தெரிந்த அன்று அவர் எப்சியின் வீட்டுக்குப் போன் செய்தார். "தேங்க்ஸ் எல்லாம் சொல்ல மாட்டேன் மேடம். எனக்கு வர வேண்டியதுதான் வந்துச்சு."

"நானும் தேங்க்ஸ் கேக்கல."

"உங்க வேலை போச்சுன்னு எலியேசர் சார் சொன்னாரு."

"அது என் பாடு."

இருவரும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து அவருக்குப் பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது.

மகேஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரை வேலைக்கு வைத்தார். அவர்கள் நிரலைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு பழைய அச்சைத் திரும்பப் போட்டார்கள். மூன்றே மாதத்தில் டிரஸ்ட் தளத்தில் அப்ளை பக்கத்துக்குள் அப்ளை லிங்க் மறுபடி முளைத்தது. வாழ்த்துரையும் தன் இடத்துக்கு வந்துவிட்டது. கம்பெனி பெரிதாகிக் குரோம்பேட்டையில் ஏ.சி. ஆபீசுக்குப் போனது. இதை யாராவது சொன்னால் எப்சி எழுந்து அந்த இடத்தை விட்டே போய்விடுவாள்.

அவள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு, நிரலை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்தையும் வார்க்கும் முன் நீ யார், எங்கே இருக்கிறாய் என்பதை நிரல் அச்சுக்குச் சொல்லிவிடும். நிற்கிற பக்கத்துக்கு லிங்க் விழவே விழாது. முதல் வேலை கீழ்க்கட்டளையிலேயே ஒரு சபையில் வந்தது. இரண்டாவது வேலையை எலியேசர் சொல்லி அனுப்பினார், தன் மருமகனின் பள்ளிக்கு. ஒவ்வொரு தளமும் முடிந்ததும் அவள் சாம்பசிவனுக்கு விலாசத்தைச் சொல்வாள். அவர் கேட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

ஞானஜோதி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "உனக்கு எதுக்குடி எல்லாத்துக்கும் இவ்வளவு கோவம்? கொஞ்சம் பொறுமையாத்தான் இரேன்."

"பொறுமையா இருந்தேம்மா, ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அந்த லிங்க் அங்கேயே இருந்தது."

இரண்டாயிரத்து ஒன்பதில், இன்னொரு பள்ளியின் தளம் ஏறிய மறுநாள் காலை, சாம்பசிவன் கூப்பிட்டார். மெனு சரி, தலைப்பு சரி என்றவர், பள்ளியின் போன் நம்பர் எங்கே என்று கேட்டார். அடியில் இருக்கிறதே என்றாள். அங்கே 'இமேஜ்' என்று மட்டும்தான் கேட்கிறது என்றார். எப்சி திறந்து பார்த்தாள். அவள் எழுத்தாக வைத்திருந்த நம்பரைப் பள்ளிக்காரர்கள் எடுத்துவிட்டு, பூப்போட்ட ஒரு படத்துக்குள் நம்பரை எழுதி அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். அழகாக இருக்கட்டும் என்று தாளாளர் முந்தின நாள் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

"நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?" என்றார் சாம்பசிவன்.

"நீங்க சும்மா இருங்க. நானே போறேன்."

பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, பல்லாவரம் ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள்.